கைதுப் பதிவு: எந்தக் கவுண்டியில், எந்தக் கவுன்டரில் போய் நிற்பது?

ஒன்பது வருடத்துக்கு முன்னால், டெக்சாஸ் வந்த புதிதில் நடந்தது இது. மனைவி நிறைமாதம். கடையில் அவசர அவசரமாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் குழந்தைக்கான கார் சீட் பெட்டி. நாமே பில் போடும் மெஷினில் மேலே இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்தேன், கீழே குனியவில்லை. வாசலில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியின் விலை 100 டாலரைத் தாண்டியதால், அபராதத்தோடு போகிற கிளாஸ் சி குற்றமாக இல்லாமல் கிளாஸ் பி ஆகிவிட்டது. கைவிலங்கு, கைரேகை, புகைப்படம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் ஒரு ராத்திரி. நான்கு மாதத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். முடிந்தது, மறந்துவிடுங்கள் என்று வக்கீல் ஈமெயில் அனுப்பினார். நானும் மறந்தேன்.

போன வருடம் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டேன். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, வக்கீலின் ஈமெயிலை இணைத்தேன். இன்டர்வியூவில் அந்த ஈமெயிலை ஓரமாக வைத்துவிட்டு, கோர்ட் முத்திரையோடு சான்றளிக்கப்பட்ட பிரதி கேட்டார்கள். 30 நாள் கெடு. அதில் இருபத்து மூன்று நாள் தப்பான கவுன்டர்களில் நின்றே போயிற்று. ஒழுங்காகப் போனால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை அது. டெக்சாஸை வைத்தே எழுதுகிறேன், எனக்குப் பழக்கமானது அதுதான். மற்ற மாநிலங்களைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

1. உங்களுக்கு வேண்டியது எந்தக் காகிதம்?

‘கைதுப் பதிவு’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அது மூன்று ஆபீஸ்களில் இருக்கிற மூன்று தனித்தனிக் காகிதம். நான் சறுக்கியதே இங்கேதான்.

முதலாவது புக்கிங் பதிவு. ஜெயிலுக்குள் கொண்டுபோனபோது எழுதியது: பெயர், பிறந்த தேதி, குற்றச்சாட்டு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், புகைப்படம். இது ஜெயிலை நடத்துகிற கவுண்டி ஷெரிஃப் ஆபீஸில் இருக்கும்.

இரண்டாவது கைது அறிக்கை. உங்களைப் பிடித்த போலீஸ்காரர் எழுதியது. பிடித்தது நகரப் போலீஸ் என்றால் அறிக்கை நகரப் போலீஸிடம்தான் இருக்கும், நீங்கள் அடைபட்டது கவுண்டி ஜெயிலாகவே இருந்தாலும்.

மூன்றாவது கோர்ட் கோப்பு. குற்றச்சாட்டு மனுவிலிருந்து வழக்கு எப்படி முடிந்தது என்கிற உத்தரவு வரை. இந்த முடிவைத்தான் ‘டிஸ்போசிஷன்’ என்கிறார்கள். இது கோர்ட் கிளார்க்கிடம் இருக்கும்.

குடியேற்ற விவகாரமா? மூன்றாவது கட்டாயம், இரண்டாவதும் கேட்கக்கூடும். வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ பின்னணி பார்த்ததில் உங்கள் பெயரில் ஏதோ தப்பாக வந்திருக்கிறதா? அதற்கும் மூன்றாவதுதான். சொந்தக்காரர் ஒருவரை நேற்று ராத்திரி பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் முதலாவது போதும். பெரும்பாலான ஷெரிஃப் வலைத்தளங்களில் ஜெயிலில் இருப்பவர்களின் பட்டியல் இருக்கிறது, காசு கிடையாது. இப்போதுதான் பிடித்தார்கள் என்றால் பெயர் ஏறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2. கவுண்டி எது என்று உறுதி செய்யுங்கள்

டெக்சாஸில் 254 கவுண்டிகள். நகரப் பெயரை வைத்துக் கவுண்டியை ஊகிக்காதீர்கள். டல்லஸ் நகரத்தின் பெரும்பகுதி டல்லஸ் கவுண்டியில் இருந்தாலும், ஓரங்கள் காலின், டென்டன், ராக்வால், காஃப்மன் கவுண்டிகளுக்குள் நீள்கின்றன. நம் ஆட்கள் குவிந்திருக்கிற ஃபிரிஸ்கோவுக்குள் ஒரு பக்கம் காலின், இன்னொரு பக்கம் டென்டன். ஹூஸ்டனும் ஹாரிஸ் கவுண்டியோடு நிற்காமல் ஃபோர்ட் பெண்ட், மாண்ட்கோமரிக்குள் போகிறது.

கணக்கு உங்கள் வீடு இருக்கும் கவுண்டி அல்ல, சம்பவம் நடந்த இடத்தின் கவுண்டி. நான் நான்கு நாளை இப்படித்தான் தொலைத்தேன். என் வீடு இருந்த கவுண்டியில் தேடினேன், பெயர் இல்லை. பதிவே அழிந்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன்! கடை, சாலைக்கு அந்தப் பக்கம் அடுத்த கவுண்டியில் இருந்தது. கடை முகவரியை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஜாமீன் காகிதம் பத்திரமாக இருந்தால் அதிலேயே கவுண்டி பெயர் இருக்கும்.

3. வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கிளார்க் ஆபீஸில் போய் என் பெயர் இது என்று நிற்பதைவிட வழக்கு எண்ணோடு போவது நூறு மடங்கு மேல். டெக்சாஸில் அதை ‘காஸ் நம்பர்’ என்பார்கள். பெரிய கவுண்டிகள் எல்லாவற்றுக்கும் ஆன்லைன் தேடல் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் போட்டால் வழக்கு வர வேண்டும்.

நம் பெயர்களுக்கு வராது. அங்கேதான் வேடிக்கை.

அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்போம், ஜெயிலில் அதையே முதல் பெயராக ஏற்றியிருப்பார்கள். செந்தில்குமார் என்ற ஒரே பெயர் செந்தில் ஒரு கட்டத்திலும் குமார் இன்னொரு கட்டத்திலுமாகப் பிரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்திருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதைப் பார்த்து எழுதிய லைசென்ஸ், லைசென்ஸைப் பார்த்து எழுதிய புக்கிங் என்று, கோர்ட்டிலும் அந்த எஃப்என்யுவே உங்கள் பெயராகியிருக்கும். வெட்கப்படாமல் அதையே போட்டுத் தேடுங்கள்.

தேட வேண்டிய வரிசை இது. பெயரின் முதல் நான்கைந்து எழுத்து மட்டும், பின்னால் நட்சத்திரக் குறி (பல தளங்கள் ஏற்கும்). அப்புறம் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் போட்டு. அப்புறம் சேர்த்து எழுதியதைப் பிரித்து, பிரித்ததைச் சேர்த்து. கடைசியாகப் பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டு. ஊரில் நாள் முதலில், இங்கே மாதம் முதலில். ஜூன் 5-ஐ மே 6 என்று ஏற்றியவர்கள் உண்டு. என் பதிவு கிடைத்தது பெயரை மாற்றிப் போட்டபோதுதான். அதுவும் ‘ழ’வுக்காக நான் எழுதும் இரண்டு எழுத்தில் ஒன்றைக் காணோம்.

ஒரு எச்சரிக்கை. கூகுளில் கவுண்டி பெயரையும் கைதுப் பதிவு என்பதையும் சேர்த்துத் தேடினால், முதலில் வருபவை பெரும்பாலும் காசு பிடுங்கும் தனியார் தளங்கள். பச்சைப் பட்டை ஓடும், தேடுகிறோம் தேடுகிறோம் என்று பத்து நிமிடம் ஓட்டும், கடைசியில் கார்டு எண் கேட்கும். ஒரு டாலர் சோதனை என்று ஆரம்பித்து மாதாமாதம் எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே கிடைக்கிற எதுவும் எந்த அரசு ஆபீஸிலும் செல்லாது. கவுண்டியின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து கிளார்க் பக்கத்துக்குப் போங்கள்.

கவுண்டித் தளத்தில் வழக்கு கிடைத்ததும் அதை அச்செடுத்து அனுப்பினால் போதாதா? போதாது. அந்தப் பக்கம் வெறும் தகவலுக்கு, அதிகாரபூர்வப் பதிவு இல்லை என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருக்கும். எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கிளார்க் கவுன்டர்

டெக்சாஸில் இரண்டு கிளார்க். பெருங்குற்ற வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். கிளாஸ் ஏ, கிளாஸ் பி என்கிற சிறுகுற்றங்கள் பொதுவாகக் கவுண்டி கிளார்க்கிடம். ஹாரிஸ் மாதிரி சில கவுண்டிகளில் இரண்டையுமே டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பார்க்கிறார். ஒரு போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு ஆபீஸும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதை வெயிலில் நடந்து தெரிந்துகொண்டேன்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வழக்கு எண், லைசென்ஸ் அல்லது பாஸ்போர்ட், கைதான தேதி, பணம். கோர்ட் கோப்பு பொதுப் பதிவு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனாலும் அடையாள அட்டை இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். சொந்த செக் வாங்காத இடங்கள் உண்டு, கார்டுக்கு மேல்கட்டணம் போடும் இடங்கள் உண்டு. சில்லறையாக 40 டாலர் ரொக்கம் இருந்தால் கவலையில்லை.

கேட்கிற வார்த்தை முக்கியம். ‘காப்பி’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘சர்டிஃபைடு காப்பி’ என்று கேளுங்கள். நான் முதல் தடவை காப்பி என்றேன், அந்த அம்மாவும் கேட்டதைக் கொடுத்தார். அழகான அச்சு, முத்திரை இல்லை. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. திரும்ப வரிசை. இரண்டாவது தடவை அவர் கடைசித் தாளில் தேதியும் கையெழுத்தும் போட்டு, இரும்பு அழுத்தியில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். விரலால் தடவினால் கவுண்டி முத்திரை புடைத்துத் தெரிந்தது. சில கவுண்டிகள் மை முத்திரை போடும். எதுவாக இருந்தாலும் சான்று வாசகம், கையெழுத்து, தேதி மூன்றும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

எந்தத் தாள்கள்? குற்றச்சாட்டு மனுவுக்கு இரண்டு தாள் இருக்கும்: ‘கம்ப்ளெய்ன்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’. அதோடு முடிவைச் சொல்லும் உத்தரவு, அதாவது தள்ளுபடி உத்தரவு அல்லது தீர்ப்பு. தண்டனையோ கண்காணிப்போ இருந்தால் அதை முடித்ததற்கான உத்தரவும் வேண்டும். முழுக் கோப்பையும் கேட்டால் நாற்பது ஐம்பது பக்கம் வரும், தேவையில்லை.

செலவு: கவுண்டி கிளார்க்கிடம் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 5 டாலர். வழக்கு எண் தெரியாமல் போனால் தேடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு செட் வீணானது என் கைவேலையால். வீட்டில் ஸ்கேன் செய்ய வசதியாக ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கிவிட்டேன். முத்திரை கடைசித் தாளில் மட்டும்தான், பின் போனதும் மற்ற தாள்கள் அதே கோப்பைச் சேர்ந்தவை என்பதற்கு அத்தாட்சி இல்லை. பின்னைத் தொடாதீர்கள். தாளை மடக்கித் திருப்பி ஸ்கேன் செய்யுங்கள்.

நேரில் போனால் சமீபத்திய வழக்குக்கு அரைமணி போதும். பழைய கோப்பு வேறு கிடங்கில் இருந்தால் சில நாள் ஆகும். தபாலில் கேட்பதானால் மணி ஆர்டரும், உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் சேர்த்து அனுப்புங்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது தபாலை நம்புவது என் பார்வையில் விஷப்பரீட்சை.

கைது செய்தார்கள், ஆனால் வழக்கே போடவில்லை என்றால் கிளார்க்கிடம் எதுவும் இருக்காது. பதிவு இல்லை என்று அவரிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்குங்கள். அரசு வக்கீல் ஆபீஸில் வழக்கு தொடரவில்லை என்று இன்னொரு கடிதம் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும்.

5. ஷெரிஃபிடமும் போலீஸிடமும் எழுதிக் கேட்பது

இங்கே சட்டமே வேறு. கோர்ட்டுக்கு டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டம் பொருந்தாது, அந்தச் சட்டத்தைச் சொல்லி கிளார்க்கிடம் மனு போட்டால் வேலை நடக்காது. ஷெரிஃபுக்கும் போலீஸுக்கும் அதுதான் வழி. அரசுச் சட்டத் தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம்.

மனு எழுத வக்கீல் வேண்டாம். உங்கள் பெயர் (எல்லா எழுத்து வடிவங்களிலும்), பிறந்த தேதி, சம்பவத் தேதி, இடம், புக்கிங் எண் தெரிந்தால் அது, வேண்டிய காகிதம் எது. அவ்வளவுதான். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை, அவர்களும் கேட்கக்கூடாது. தளத்தில் கொடுத்திருக்கும் ஈமெயிலுக்கோ மனுப் பக்கத்துக்கோ அனுப்புங்கள். வேறு யாருக்கோ அனுப்பினால் கெடு ஓட ஆரம்பிக்காது.

நாள் கணக்கு: தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி. தர விருப்பமில்லை என்றால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். அவர் அதற்கு 45 வேலை நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 30 நாள் கெடுவுக்குள் இது அடங்காது. அதனால் கிளார்க்கிடம் போகிற அதே நாளிலேயே இந்த மனுவையும் போட்டுவிடுங்கள்.

பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கத்துக்குள் என்றால் பொதுவாக ஆள்கூலி சேர்ப்பதில்லை. மதிப்பீடு 40 டாலரைத் தாண்டினால் கணக்கை முன்கூட்டியே அனுப்புவார்கள், அதற்கு 10 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் மனுவை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் ஈமெயிலில் ஸ்பாம் பெட்டியில் போய் விழும். தினமும் பாருங்கள்.

முக்கியமான பொறி ஒன்று. வழக்கு தண்டனையில் முடியவில்லை என்றால் அறிக்கையின் உட்பகுதியைப் போலீஸ் மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் கைதானவர் யார், எப்போது, எங்கே, என்ன குற்றச்சாட்டு என்கிற அடிப்படைத் தகவலை மறுக்க முடியாது. மனுவிலேயே, முழு அறிக்கை தர இயலாவிட்டால் அடிப்படைத் தகவலையாவது உடனே தாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வரியால் ஆறாம் நாளே இரண்டு பக்கம் வந்தது.

6. கவுண்டியில் இல்லாதவை

கிளாஸ் சி குற்றங்கள் நகர முனிசிபல் கோர்ட்டிலோ ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டிலோ இருக்கும். பழைய டிராஃபிக் டிக்கெட்டைக் கட்டாமல் வாரண்ட் வந்து பிடிபட்டவர்கள் அங்கே தேடுங்கள். மத்திய அரசு வழக்குகள் பேசர் என்ற தளத்தில், பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. சிறுவர் வழக்குகள் பொதுவில் கிடையாது.

எந்த ஊரில் எப்போது என்றே நினைவில்லையா? கைரேகை கொடுத்து எஃப்பிஐயிடம் உங்கள் சொந்தப் பதிவை வாங்கலாம், 18 டாலர். அது எங்கே தேடுவது என்று காட்டும் வரைபடம், கோர்ட் உத்தரவுக்கு மாற்று அல்ல.

7. அழிக்கும் முன் வாங்கி வையுங்கள்

தள்ளுபடியான வழக்கைப் பதிவிலிருந்து அழிக்க டெக்சாஸில் வழி இருக்கிறது, ‘எக்ஸ்பங்ஷன்’ என்பார்கள். வேலை தேடுபவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அமெரிக்கக் குடிமகன் ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும்: அழித்த கைதையும் என்-400-இல் சொல்லியாக வேண்டும். பதிவே இல்லை என்று நீதிபதியோ வக்கீலோ சொல்லியிருந்தாலும் சொல்ல வேண்டும். அழித்த பிறகு காகிதத்துக்கு எங்கே போவீர்கள்? என் நண்பர் ஒருவர் அழித்தபின் தவியாய்த் தவித்தார், கடைசியில் அழிப்பு உத்தரவின் பிரதிதான் காப்பாற்றியது. முதலில் சான்றுப் பிரதி இரண்டு செட், அப்புறம் அழிப்பு மனு.

‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’, அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது, கிடைத்தவர்கள் தண்டனை இல்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். டெக்சாஸ் சட்டத்துக்கு அது சரி. குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமலோ கண்காணிப்பில் இருந்திருந்தால் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே பார்க்கும். அப்படிப்பட்டவர்கள் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே குடியேற்ற வக்கீலிடம் போங்கள். படிவம் போடுவது அதற்குப் பிறகு.

இன்னொரு பக்கம், வெறும் டிராஃபிக் அபராதத்துக்குப் பயந்து ஓடுபவர்களும் இருக்கிறார்கள். கைது இல்லை, மது போதை சம்பந்தம் இல்லை, அபராதம் 500 டாலருக்குள் என்றால் குடியுரிமை மனுவுக்குக் காகிதம் இணைக்க வேண்டியதில்லை.

8. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு

நியூ ஜெர்சியில் சிறிய குற்றங்கள் ஊர் முனிசிபல் கோர்ட்டில் நடக்கும், எனவே கவுண்டியைவிட ஊரின் பெயர்தான் முக்கியம். போலீஸ் காகிதத்துக்கு அங்குள்ள சட்டம் கொடுக்கும் கெடு 7 வேலை நாள். நியூயார்க்கில் தள்ளுபடியான வழக்கைப் பொதுவாக மற்றவர் பார்வையிலிருந்து மூடி வைத்துவிடுவார்கள், ஆன்லைனில் தெரியாது. உங்கள் வழக்கு என்றால் அடையாள அட்டையோடு அந்தக் கோர்ட்டுக்கே போய் டிஸ்போசிஷன் சான்றிதழ் கேளுங்கள். மாநில அளவிலான பெயர்த் தேடல் 95 டாலர், அவசரமில்லாமல் அதில் இறங்காதீர்கள். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. ஃபேர்ஃபாக்ஸ் நகரம் வேறு, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வேறு. லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் ‘பாரிஷ்’. கனெக்டிகட்டில் கவுண்டி அரசாங்கமே கிடையாது.

9. மற்றவர் பதிவைப் பார்ப்பதென்றால்

ஊரிலிருந்து போன் வரும்: மாப்பிள்ளை ஹூஸ்டனில் இருக்கிறாராம், கொஞ்சம் விசாரித்துச் சொல்லப்பா. பொதுப் பதிவைப் பார்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நம்மில் எத்தனை கார்த்திக், எத்தனை குமார்! பிறந்த தேதி பொருந்த வேண்டும், வழக்கின் முடிவையும் பார்க்க வேண்டும். என் பெயரைத் தேடினாலும் ‘திருட்டு’ என்றுதான் முதல் வரியில் வரும். தள்ளுபடி என்பது நான்காவது பக்கத்தில்.

வீட்டு வேலைக்கோ குழந்தை பார்த்துக்கொள்ளவோ ஆள் எடுக்கும்போது தனியார் நிறுவனம் மூலம் பின்னணி பார்த்தால், அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிக்கையை வைத்து வேண்டாம் என்று முடிவெடுப்பதாக இருந்தால், முதலில் அதன் பிரதியை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

எனக்கு மொத்தச் செலவு: வீணான சாதாப் பிரதியும் பின் பிடுங்கிய செட்டும் சேர்த்து 27 டாலர், பார்க்கிங் 18 டாலர். முத்திரை வைத்த செட்டை 28-ஆம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டாவது செட் அலமாரியில், அந்தக் கார் சீட்டின் ரசீதோடு இருக்கிறது. ஜாமீனில் வந்த மறுநாள் வேறு கடையில் வாங்கியது.